சுண்ணாம்பு வைத்த கண்கள்

“செல்வி, அந்தச் சுண்ணாம்பு டப்பாவ எடு.”

காதர் பாய் இப்படிச் சொன்னபோது நான் அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு ஸ்டூல் மேல் நின்றிருந்தேன். ஒரு கையில் சுத்தியல், வாயில் ரெண்டு ஆணி. எதிரே சுவரில், நான் புதிதாகக் கண்ணாடி போட்டுக் கொண்டுவந்த பறவைப் படங்கள் வரிசையாகத் தொங்கின. இன்னும் ஒன்றுதான் பாக்கி.

பாய் கட்டிலில் படுத்திருந்தார். இடது கையும் காலும் இழுத்துக்கொண்டதிலிருந்து அவர் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. தண்ணீர்கூடக் கேட்கமாட்டார். மகள் சபீராவாகப் பார்த்துக் கொடுத்தால் உண்டு. அப்பேர்ப்பட்டவர் இப்போது வாயைத் திறந்து சுண்ணாம்பு கேட்கிறார். அதுவும் கோபமாகக் கேட்கிறார்.

வெற்றிலை போடத்தான் என்று முதலில் நினைத்தேன். ஆனால் அவர் பார்வை வெற்றிலைப் பெட்டி மேல் இல்லை. என் படங்கள் மேல் இருந்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. படிக்கிற உங்களுக்கும் புரியாது. கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன்.

பழைய பெட்ஷீட்டில் ஒரு மூட்டை

செஞ்சி பஜாரில் என் கடை எங்கே என்று கேட்டால் யாரும் சொல்வார்கள். சாமி படம், கல்யாண போட்டோ, காலமானவர்கள் போட்டோ, கட்சித் தலைவர்கள், எல்லாவற்றுக்கும் பிரேம் போடுகிற கடை. நைனா வைத்தது. அவருக்குப் பிறகு நான். பொம்பளை என்ன கண்ணாடி அறுப்பாள் என்று கேட்டவர்கள் வீட்டுச் சுவரிலெல்லாம் இப்போது நான் அறுத்த கண்ணாடிதான் இருக்கிறது.

எங்களுக்கு எதிர்க்கடை காதர் பாயுடையது. மண்வெட்டி, கடப்பாரை, வாளி, தாம்புக் கயிறு. நான் பாவாடை சட்டையில் கடைக்கு வந்த காலத்திலிருந்து அவரைத் தெரியும். அசரமாட்டார். கோட்டைக்கு வரும் டூரிஸ்ட்டுகள்கூட மூச்சு வாங்குகிற ராஜகிரி மலையை, அவர் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த கையோடு செருப்பில்லாமல் ஏறி இறங்கிவிட்டு வருவார். எதற்கு என்று கேட்டால், “குருவி பாக்க” என்பார். பஜாரே அதைச் சொல்லிச் சிரிக்கும். அவரும் சிரிப்பார்.

போன வருஷம் ஆடிக் காற்று அடங்கின சமயம், ஒருநாள் காலையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரை நழுவவிட்டார். ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள். உயிருக்குப் பழுதில்லை. பேச்சும் திரும்பி வந்தது, கொஞ்சம் குழறலோடு. கடையை மூடிவிட்டார்கள்.

சில மாதம் கழித்து ஒரு காலையில் சபீரா என் கடைக்கு வந்தாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர். பழைய பெட்ஷீட்டில் எதையோ சுற்றி, குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி வந்தாள்.

“அக்கா, அத்தாவுக்குக் கால்ல தெம்பு வந்துடுச்சாம். டாக்டர் பாத்துட்டு சொல்றாரு. ஆனா எழுந்திருக்க மாட்டேங்குறாரு. பயிற்சி குடுக்குற தம்பி வந்தா செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கறாரு. இப்பவே நடக்கலைன்னா அப்புறம் காலு அப்படியே நின்னுடும்ங்கறாங்க.”

“நீ இன்னா சொன்னே?”

“கெஞ்சிப் பாத்தேன். அழுதும் பாத்தேன். நேத்து இந்தப் படத்தையெல்லாம் எடுத்துடுன்னு சொல்லிட்டாருக்கா. இனிமே எதுக்குன்னு கேக்கறாரு.”

அவள் அழவில்லை. மலை ஏறின மனிதர் இனிமே எதுக்கு என்று கேட்டால், அதற்கு எந்த டாக்டர் மருந்து எழுதிக் கொடுப்பார்?

“கண்ணாடி மங்கிப்போச்சி, பின்னால அட்டைய பூச்சி அரிச்சிடுச்சி. நல்லா புதுசா போட்டுக் குடுங்கக்கா. அவர் படுத்திருக்கற எடத்துக்கு நேரா மாட்டணும். பாத்தாலாச்சும் ஒரு நெனப்பு வரும்.”

அவளுக்கு அந்தப் படங்கள்தான் கடைசி நம்பிக்கை. அதை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள்.

மூக்குமேல் கண்ணாடியைத் தள்ளிக்கொண்டு

மூட்டையைப் பிரித்தேன். ஆறு பறவைகள். மீன்கொத்தி, மாங்குயில், பச்சைக்கிளி, கொண்டலாத்தி, ஆறுமணிக் குருவி, அப்புறம் ஒரு மைனா.

பிரேமைக் கழற்றித் தாளை வெளியே எடுத்ததும், இது பிரஸ்ஸில் கலராக அடித்த படம் இல்லை என்று விரலுக்கே தெரிந்துவிட்டது. தாள் துணி மாதிரி கனமாக இருந்தது. ஓரத்தில் நான்கு பக்கமும் லேசாக ஒரு பள்ளம். செம்புத் தகட்டில் கோடு கீறி, மை தடவி, தாளை வைத்து அழுத்தி எடுத்தால் அந்தப் பள்ளம் விழும். கோடு மட்டும்தான் அச்சு. கலர் முழுக்கக் கையால் பூசியது.

எனக்குக் கைக் கலர் தெரியும். கறுப்பு வெள்ளை போட்டோவுக்குக் கன்னத்தில் சிவப்பும் புடவையில் பச்சையும் ஏற்றித் தந்து வளர்ந்தவள் நான். மீன்கொத்தியின் நீலம் றெக்கைக் கோட்டைத் தாண்டி ஒரு நூல் வெளியே வழிந்திருந்தது. கடல் தாண்டி எந்த ஊரிலோ, எந்தக் காலத்திலோ, யாரோ ஒருத்தி அவசரத்தில் பூசியிருக்கிறாள். அடுத்த தாள் காத்திருந்திருக்கும். மேஸ்திரி திட்டியிருப்பான். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது.

பச்சைக்கிளிக்குக் காலில் எலுமிச்சை மஞ்சள் பூசியிருந்தாள். பாவம், அவள் கிளியையே பார்த்திருக்கமாட்டாள். இங்கே பிடித்து, கொன்று, பஞ்சடைத்துக் கப்பலில் அனுப்பியிருப்பார்கள். செத்த பறவைக்கு இறகின் நிறம் மட்டும்தான் நிற்கும். காலும் மூக்கும் வெளுத்துவிடும். அவள் மனசுக்குத் தோன்றியதைப் பூசிவிட்டாள்.

படங்களுக்கு அடியில் பிரெஞ்சில் பேர் எழுதியிருந்தது. எனக்குப் பிரெஞ்சும் தெரியாது, ஒன்றும் தெரியாது. ஆனால் மைனாவுக்கு அடியில் இருந்த கடைசிச் சொல்லை எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஜிஞ்சி. நம்ம ஊர் பஸ் போர்டில் இங்கிலீஷில் போட்டிருக்கிறதே, அதே ஜிஞ்சி. செஞ்சி மைனா.

நான் பிறந்து வளர்ந்த ஊர் பேரில் ஒரு பறவை இருக்கிறது, எனக்கு இத்தனை வயசுக்கு அது தெரியாது.

சாயங்காலம் சபீராவிடம் போனில் கேட்டேன். “ஆமாங்க்கா. அந்தப் பேருக்காகத்தான் அத்தா பாண்டிச்சேரி சண்டே மார்க்கெட்ல வாங்கினாராம், நான் கைக்கொழந்தையா இருக்கும்போது. அதைத் தேடித்தான் மலை மலையா சுத்தினாரு. நெட்ல பாத்தேன், அது ஆத்தங்கரையில பொந்து குடையற மைனாவாம். வடக்கதான் இருக்குதாம். இங்க இல்லியாம்.”

“பாய்கிட்ட சொன்னியா?”

“சொன்னேன். பறவைக்கு றெக்கை இருக்குதுல்லன்னு கேட்டாரு.”

கண் திறந்து கொடுக்கிற கடை

இந்த இடத்தில் எங்கள் கடைப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் என்னைத் தப்பாக நினைப்பீர்கள்.

அந்த நாளில் எல்லோரிடமும் போட்டோ இருக்காது. சில பேரை உயிரோடு இருக்கும்வரை ஒருத்தரும் போட்டோ எடுத்திருக்கமாட்டார்கள். போன பிறகு, நாற்காலியில் உட்கார வைத்து, மாலை போட்டு, முதலும் கடைசியுமாக ஒன்று எடுப்பார்கள். கண் மூடியிருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு நைனாவிடம் வருவார்கள். “கண்ணு தொறந்து குடுங்க” என்பார்கள்.

நைனா மெல்லிய பிரஷ்ஷை எடுத்து, மூடின இமைமேல் கண் வரைவார். காலமானவர் சட்டென்று நம்மைப் பார்ப்பார். வந்தவர்கள் அங்கேயே உட்கார்ந்து அழுவார்கள். நான் டீ வாங்கி வருவேன்.

தொண்டூரிலிருந்து ஒரு அம்மா வந்தது எனக்கு மறக்காது. புருஷன் படம். “கண்ணு எப்படி போடட்டும்மா, நேரா பாக்கற மாதிரியா?” என்று நைனா கேட்டார். அந்த அம்மா யோசிக்கவே இல்லை. “இருந்தப்போ என்னை எப்ப பாத்தாரு? ரோட்டைப் பாக்கற மாதிரியே போடுங்க. அப்பதான் அவரு மாதிரி இருக்கும்” என்றது. நைனாவும் அப்படியே போட்டார். அந்த அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, “அவரேதான்” என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தது.

சாமி படமானாலும் இதுதான். கண்ணில் அழுக்கோ கீறலோ இருந்தால், அதைச் சரி பண்ணாமல் கண்ணாடி மாட்டமாட்டோம். கண் திறக்காத படம் எங்கள் கடையை விட்டு வெளியே போகாது. இது எங்கள் வீம்பு என்றால் வீம்பு, தொழில் மரியாதை என்றால் மரியாதை.

பல்லி எச்சம் என்று நினைத்தேன்

இப்போது பறவைகளுக்கு வருகிறேன். ஆறு பறவைக்கும் கண் இருக்கவேண்டிய இடத்தில் கண் இல்லை. வெள்ளையாக, கடுகு அளவுக்கு, காய்ந்துபோன ஒரு பொட்டு இருந்தது.

பழைய படத்தில் வெள்ளைப் பொட்டு இருந்தால் பிரேம் போடுகிறவளுக்கு முதலில் தோன்றுவது பல்லி எச்சம்தான். எனக்கும் அதுதான் தோன்றியது. எந்தப் பல்லி ஆறு படத்திலும் குறி பார்த்துக் கண்ணிலேயே போடும் என்று எனக்கு உறைக்கவில்லை. உறைத்திருக்க வேண்டும். ஆனால் கண் மூடின படத்தைப் பார்த்தால் எனக்கு வேறு எதுவும் தோன்றாது, கை தானாக பிரஷ்ஷுக்குப் போய்விடும்.

உலர்ந்த பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டினேன். பொட்டு பொடியாக உதிர்ந்தது. மிச்சத்துக்குத் துளி ஈரப் பஞ்சு. மாங்குயிலுக்கு ரத்தச் சிவப்பில் ஒரு கண் வந்தது. கொண்டலாத்திக்கு மிளகு மாதிரி ஒரு கண். எல்லாம் அந்தக் காலத்துப் பெண் பூசிய அதே கண்கள், கெடாமல் உள்ளே இருந்தன.

மைனாவைக் கடைசியாக எடுத்தேன். நம்ம ஊர் மைனாவுக்குக் கண்ணைச் சுற்றி மஞ்சள் இருக்கும், எல்லோருக்கும் தெரியும். இதற்கு மஞ்சள் இல்லை. செங்கல் சிவப்பில் ஒரு வளையம், அதற்குள் பளிச்சென்று கண். சாம்பல் நீல உடம்பில் அந்தச் சிவப்பு மட்டும் தனியாக எரிந்தது. பாய் இதைப் பார்த்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவார் என்று நிச்சயமாக நம்பினேன்.

சபீராவிடம் காட்டவில்லை. மாட்டும்போது பார்க்கட்டும் என்று துணி போட்டு மூடிவைத்தேன்.

மறுபடியும் ஸ்டூல் மேல்

ஆக, ஞாயிற்றுக்கிழமை காலை. நான் ஸ்டூல் மேல். பாய் கட்டிலில், சுண்ணாம்பு டப்பா கேட்டுக்கொண்டு. சபீரா சுவரைப் பார்த்தவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

“அக்கா, இதுங்களுக்குக் கண்ணு இருக்குதா? நான் பொறந்ததுலேர்ந்து வெள்ளையாதானே பாத்திருக்கேன்.”

“பல்லி எச்சம்டி. சுத்தம் பண்ணிட்டேன்” என்றேன், வாயிலிருந்த ஆணியை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு.

கட்டிலிலிருந்து பாய் குரல் வந்தது. குழறலாக இருந்தாலும் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

“பல்லி இல்ல செல்வி. நான் வெச்ச சுண்ணாம்பு.”

ஆணியைக் கையில் துப்பிவிட்டு இறங்கினேன்.

அவர் மெதுவாகச் சொன்னார். படங்களை வாங்கிவந்த அன்றே அவர் மனைவி ரஹீமா பார்த்துவிட்டு, தொழுகை நடக்கிற வீட்டில் உயிருள்ளதன் படத்தை மாட்டக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். பாய்க்கும் அது தெரியும்தான். ஆனாலும் பெட்டிக்குள் போட மனசு வரவில்லை. கண்ணை மூடிவிட்டால் உயிர் இல்லாத மாதிரிதானே என்று பேசி, ரெண்டு பேரும் ஒரு வழிக்கு வந்திருக்கிறார்கள். வெற்றிலைச் சுண்ணாம்பை விரல் நுனியில் தொட்டு அவரே ஒவ்வொன்றாக வைத்திருக்கிறார். ரஹீமா போய்ச் சேர்ந்த பிறகும் அந்தப் பொட்டு அப்படியே இருந்தது.

மன்னிப்பு கேட்டிருக்கலாம். என் வாய் அப்படிப்பட்ட வாயா?

“எங்க கடையிலேர்ந்து கண்ணு மூடின படம் வெளிய போவாது பாய்” என்றேன்.

“உன் கடையில போவாது. என் வூட்ல கண்ணு தொறந்த படம் தொங்காது. டப்பாவ எடு.”

எடுத்துக் கொடுத்தேன். என்ன செய்வது, அவர் வீடு. சபீரா கையை நீட்டினாள். “குடுங்கத்தா, நானே வெச்சுடறேன்.”

“நீ வெச்சா மூக்குல வெப்பே. நான்தான் வெச்சேன். நான்தான் வெப்பேன்.”

சொல்லிவிட்டு வலது கையைக் கட்டில் விளிம்பில் ஊன்றினார்.

சபீரா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவர் கால் ரெண்டையும் கீழே இறக்கினார். இடது காலைக் கையால் பிடித்து நகர்த்தி வைத்தார். மூலையில் இருந்த நான்கு கால் தடியைச் சபீரா ஓடிப்போய் எடுத்துவந்தாள். அது வாங்கின நாளிலிருந்து பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காமல் இருந்தது.

எழுந்தார். ஆடினார். நான் ஒரு பக்கம், சபீரா ஒரு பக்கம். தொடவில்லை, தொட்டால் திட்டுவார் என்று தெரியும். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருந்துவிடப்போகிறது? அன்றைக்கு அது ராஜகிரி மலை உயரத்துக்கு இருந்தது. தடியை வைப்பார், நிற்பார், இடது காலை இழுப்பார். நெற்றியெல்லாம் வேர்வை. சபீராவின் உதடு அசைந்தது. ஓதிக்கொண்டிருந்தாள். நானும் எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன்.

சுவருக்கு வந்து தோளைச் சாய்த்து நின்றுகொண்டார். நான் ஒவ்வொரு படமாக இறக்கி, அதன் கண்ணாடியைக் கழற்றிப் பிடித்தேன். முதலில் மீன்கொத்தி. சபீரா நீட்டின டப்பாவில் சுண்ணாம்பைத் தொட்டு, விரல் நுனியால் கண்மேல் அழகாக ஒரு பொட்டு. அப்புறம் மாங்குயில், கிளி, மிச்சம் ரெண்டும். ஒன்றுகூட மூக்கில் படவில்லை.

கடைசியில் இன்னும் மாட்டாமல் ஸ்டூல்மேல் வைத்திருந்த மைனா. அதை எடுத்து அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். விரலில் சுண்ணாம்போடு கை பாதியில் நின்றது.

ரொம்ப நேரம் பார்த்தார்.

“செவப்பா இருக்குது” என்றார்.

“ஆமா பாய்.”

“மறந்தே பூட்டேன் செல்வி. மூடி வெச்சிட்டு, எந்தக் கண்ணைத் தேடறோம்னே தெரியாம மலைமேல சுத்தியிருக்கேன் பாரு.”

அவர் கண் கலங்கியது. எனக்கு அதற்கு முன்பே வழிந்துகொண்டிருந்தது. பாய் விரலைத் தன் லுங்கியில் துடைத்துக்கொண்டார்.

“இதை உன் கடைக்கு எடுத்துனு போ. அங்க தொறந்தே இருக்கட்டும்.”

சபீராவுக்குப் பதற்றம். இந்தப் படத்துக்காகத்தானே அவள் இவ்வளவும் செய்தாள். “கடையில மாட்டிட்டா அப்புறம் நீங்க எப்படித்தா பாப்பீங்க?”

“நடந்து போய்தான் பாக்கணும்” என்றார் பாய். தடியைத் திருப்பி வைத்துக்கொண்டு கட்டிலைப் பார்த்து நடந்தார்.

கடையில் ஒரு சிவப்புக் கண்

படம் என் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறது. முருகனுக்கும், யாரோ வாங்க மறந்துபோன ஒரு கல்யாண ஜோடிக்கும் நடுவில். நான் செய்தது தப்பு என்று சபீரா இப்போதும் கிண்டல் செய்வாள். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். பல்லி எச்சம் மாதிரிதான் இருந்தது.

பாய் முதலில் வாசல்படி வரை வந்தார். அப்புறம் தெருமுனை டீக்கடை வரை. ஒருநாள் பஜார் முனையில் தடி சத்தம் கேட்டது. பூக்கடைக்காரி எழுந்து நின்று பார்த்தாள். பஸ்காரன் ஹார்ன் அடிக்காமல் காத்திருந்தான். பாய் யாரையும் கண்டுகொள்ளவில்லை. நேராக என் கடைக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, மேலே பார்த்தார்.

“கண்ணாடிய தொடைக்கக் கூடாதா? கண்ணே தெரியல” என்றார்.

துடைத்தேன். அன்றிலிருந்து தினமும் வருகிறார். தினமும் ஒரு குறை சொல்கிறார். எனக்கும் திட்டு வாங்காவிட்டால் பொழுது போவதில்லை.

போன வாரம் மழை விட்டிருந்த ஒரு காலை. பாய் வழக்கம்போலப் படத்தைப் பார்த்தார். ஆனால் உட்காரவில்லை.

“கோட்டை வாசல் வரைக்கும் ஆட்டோ வெச்சிக்கலாம். அங்கேர்ந்து சக்கரக்குளம் பக்கம் நடந்து போய்ப் பாத்துட்டு வந்துடலாம். கரையில மைனாங்க எறங்கற நேரம். வர்றியா?”

“அது வடக்கதான் இருக்குதாம் பாய். உங்க பொண்ணே சொல்லிட்டா.”

“கண்ணு இன்னா கலருன்னு இப்பதானே தெரியுது. இனிமேதான் சரியா தேடணும்.”

நைனா போன துக்கத்துக்குத் தவிர, வியாபார நேரத்தில் நான் கடையை மூடியதே இல்லை. மேஜையில் அன்றைக்கே கொடுக்கவேண்டிய பிரேம் பாதியில் கிடந்தது. பாய் தடியோடு தெருவில் இறங்கி, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், ஆட்டோவைக் கை தட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நான் ஷட்டரை இறக்கினேன்.